ஒரு முழம் மேடுகூட இல்லாத 75 ஏக்கர்: பழைய பாணியில் 9 ஹோல் கோல்ஃப் மைதானம் போட முடியுமா?

வாய்க்கால்காரன்

வணக்கம். 31 வருஷம் பாசனத் துறையில் வாய்க்கால், மதகு, கண்மாய் என்று அலைந்து ஓய்வு பெற்றவன். கோல்ஃப் கையில் எடுத்தது ஐம்பது வயசுக்கு மேல். ஹேண்டிகேப் 19 (இந்த எண் கூடக் கூட ஆட்டம் சுமார் என்று அர்த்தம்).

மரக்காணம் பக்கம், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, பங்காளிகள் ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து 75 ஏக்கர் சவுக்குத் தோப்பு இருக்கிறது. போன வருஷம் வெட்டு முடிந்து நிலம் திறந்து கிடந்தது. மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று 820 ரீடிங் எடுத்தேன். கிழக்கு மேற்காக நீளம் 800 மீட்டர், அகலம் 380. மேற்கிலிருந்து கிழக்கே மொத்த இறக்கம் 90 சென்டிமீட்டர். மேலே மூன்று அடி மணல், கீழே களி. ஐப்பசி கார்த்திகையில் ஒரு மீட்டர் தோண்டினாலே தண்ணீர்.

இதில் 9 ஹோல் போடலாம் என்று ஒரு எண்ணம். அனுமதி, பணம் எல்லாம் அப்புறம், இப்போதைக்குக் காகிதத்தில்தான். தெரிந்த ஒருவர் மூலம் ஒரு வடிவமைப்பு நிறுவனத்திடம் காட்டினோம். ஏழு குளம், நடுவில் செயற்கைக் குன்றுகள், தீவு மாதிரி ஒரு கிரீன் (குழி இருக்கும் புல்தளம்) என்று கலர் படம் வந்தது. எனக்கு மனசு ஒட்டவில்லை. நடந்து ஆடக்கூடிய, ஒரே பந்தோடு முடிக்கக்கூடிய, எழுபது வயசுக்காரரும் நல்ல ஆட்டக்காரரும் ஒன்றாகப் போகக்கூடிய மைதானம் வேண்டும். பழைய ஸ்காட்லாந்துப் பாணி என்று சொல்கிறார்களே, அது. ஆனால் அங்கே மணல்மேடு இயற்கையாகவே இருக்கிறது. நம்மிடம் கேரம் போர்டு. வழி உண்டா?

ரெடான்_பித்தன்

சார், தட்டை நிலம் சாபம் இல்லை. உலகத்தில் பேர் வாங்கிய மைதானங்களில் பல தட்டையானவை.

முதலில் ஹாய்லேக் என்று அழைக்கப்படும் ராயல் லிவர்பூல். 1869-இல் ஆரம்பித்தபோது அது குதிரைப் பந்தய மைதானம். பந்தயக் குதிரை ஓடிய இடம் எவ்வளவு மட்டமாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நம் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் ஜிம்கானா கோல்ஃப் தொடங்கினார்களே, கிட்டத்தட்ட அதே பிறப்பு. ஹாய்லேக்கில் கடலோர மணல்மேட்டை ஒட்டி வரும் சில ஹோல்களை விட்டால் மீதி மட்டம்தான். 2006 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி அங்கே நடந்தது. வறண்ட கோடை, ஃபேர்வே (தாழ வெட்டிய புல் ஆடுபாதை) மஞ்சளாகக் காய்ந்து பந்து ஓடிக்கொண்டே இருந்தது. டைகர் உட்ஸ் நான்கு நாளிலும் சேர்த்து வெகுதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை ஒரே ஒரு முறைதான் வெளியே எடுத்தார். பங்கர்கள் (மணல் பள்ளங்கள்) சரியான இடத்தில் இருந்தன, அதனால் அவற்றுக்கு முன்னாலேயே நிறுத்தி நிறுத்தி ஆடினார். மைதானத்தின் கணக்கான பாரை விட 18 ஷாட் குறைவாக ஆடி ஜெயித்தார். யோசிக்க வைக்க மேடு தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் லாங் ஐலண்டின் கார்டன் சிட்டி, வீட்டனில் இருக்கும் சிகாகோ கோல்ஃப் கிளப், மெல்பர்னில் கிங்ஸ்டன் ஹீத் எல்லாமே பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத நிலங்கள். கார்டன் சிட்டியில் பல கிரீன்கள் தரையோடு தரையாகவே கிடக்கும், சில பின்பக்கம் சரிந்திருக்கும். அடிக்கிறவருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. பந்து போய் விழுந்தபிறகுதான் பாடம்.

தேன்மொழி_36

ரெடான் சார் சொல்ற பேரெல்லாம் எனக்குப் புதுசு. நான் அந்த ஏழு குளத்தைப் பத்திப் பேசறேன்.

என் ஹேண்டிகேப் 36. டிரைவர் நல்லாப் பட்டா 140 கெஜம், தரையில உருண்டு 155. நான் வழக்கமா ஆடற இடத்துல ஒரு பார் 3 (மூணு ஷாட்ல முடிக்க வேண்டிய ஹோல்), டீயில இருந்து, அதாவது முதல் ஷாட் அடிக்கிற இடத்துல இருந்து, கிரீன் வரைக்கும் முழுக்கக் குளம். பெண்கள் டீயில இருந்தே 115 கெஜம் ஆகாயத்துல போகணும். சுத்திப் போக வழியே கிடையாது. மூணு பந்து போட்டுட்டு, நாலாவதைக் கையில எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவேன். பின்னாடி நாலு பேர் இடுப்புல கை வச்சு நின்னுட்டு இருப்பாங்க. அந்த ஹோல் வர்றதுக்கு ரெண்டு ஹோல் முன்னாடியே வயித்தைக் கலக்க ஆரம்பிச்சிடும். என் தோழி ஒருத்தி அந்த ஒரு ஹோலாலயே ஆட்டத்தை விட்டுட்டா.

தரையில உருட்டிக்கிட்டே போனாலும் கிரீன் வரைக்கும் ஒரு பாதை இருக்கணும். அது சுத்துப் பாதையா இருக்கட்டும், ஒரு ஷாட் கூட ஆகட்டும். பாதை இருக்கணும் சார்.

வாய்க்கால்காரன்

அம்மா, நீங்கள் சொன்னதை என் நோட்டில் முதல் வரியாக எழுதிவிட்டேன். 9 ஹோலிலும் தரை வழி திறந்திருக்கும்.

ரெடான்_பித்தன்

தேன்மொழி மேடம் சொன்னதையே மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்ஸி நூறு வருஷத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார். பந்தைத் தேடி அலையும் எரிச்சலே ஒரு மைதானத்தில் இருக்கக்கூடாது, கத்துக்குட்டிக்கும் ஒரு வழி இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதிகளில் உண்டு.

ஏழு குளம் என்ற யோசனை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஃபுளோரிடாவில் சாக்ராஸ். 415 ஏக்கர் சதுப்பு நிலம், வெறும் ஒரு டாலருக்கு வாங்கியது. வடிவமைப்பாளர் பீட் டை 1980-இல் முடித்தார். மேடு பண்ண மண் வேண்டும், தோண்டிய பள்ளமெல்லாம் குளமாயிற்று. அந்தப் புகழ்பெற்ற 17-ஆவது தீவு கிரீன்கூட, அங்கே நல்ல மணல் இருந்ததால் தோண்டித் தோண்டிப் பள்ளமாகிப் போனதில் பிறந்தது. தண்ணீரை முழுக்கச் சுற்றிவிடலாம் என்ற யோசனை அவர் மனைவி ஆலிஸுடையது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் டிவிக்கும் அது அற்புதம். ஆனால் அதைப் பார்த்து உலகம் முழுக்க ஆளாளுக்குக் குளம் வெட்ட ஆரம்பித்தார்கள்.

அதே பிரச்சினைக்கு அதற்கு ஐம்பது வருஷம் முன்பே வேறொரு விடை கிடைத்தது. 1930-இல் மெக்கென்ஸி அர்ஜென்டினா போனார். பியூனஸ் அயர்ஸின் புறநகரான சான் இசித்ரோவில் ஜாக்கி கிளப்புக்கு இரண்டு மைதானம். மேஜை மாதிரி நிலம், தண்ணீர் வடியாது. அவர் குளம் வெட்டவில்லை. நிலம் முழுக்க வளைந்து வளைந்து ஓடும் ஆழமில்லாத புல் ஓடைகள் எடுத்தார். எடுத்த மண்ணை ஓரங்களில் சின்னச் சின்ன மேடாகவும் கிரீனாகவும் போட்டார். மழைத் தண்ணீர் வடிய ஒரு வழி, ஃபேர்வேக்கு அலை அலையான ஏற்ற இறக்கம், இரண்டும் ஒரே வேலையில் முடிந்தது. பந்து ஓடைக்குள் போனால் தொலையாது. காலுக்குக் கீழே ஒரு சாய்வு கிடைக்கும், அடுத்த ஷாட் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவே.

வாய்க்கால் வெட்டியவர் நீங்கள். இது உங்கள் கை வேலை.

வாய்க்கால்காரன்

ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். யாராவது சரிபாருங்கள்.

ஓடைக்கு 200-க்கு 1 வாட்டம் வைத்துக்கொள்கிறேன். மணல் நிலம், அடியில் துளைக்குழாய் ஒன்றும் போட்டுவிட்டால் போதும். 300 மீட்டர் நீள ஓடைக்கு மொத்தம் 1.5 மீட்டர் இறக்கம் வேண்டும். நிலமே அந்த நீளத்தில் 34 சென்டிமீட்டர் இறங்குகிறது. ஆக ஆரம்பத்தில் சுழியில் தொடங்கி, முடிவில் ஆழம் 1.16 மீட்டர். இரண்டு பக்கமும் 10-க்கு 1 சரிவு. அந்தச் சரிவில் புல்வெட்டும் இயந்திரம் தாராளமாக ஏறி இறங்கும், தேன்மொழி அம்மாவின் பந்தும் உருண்டு மேலே ஏறும்.

மண் அளவு: சுமார் 1300 கன மீட்டர்.

ஒரு கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பரப்பு 500 சதுர மீட்டர், தரையிலிருந்து சராசரி 1 மீட்டர் உயரம், பக்கச் சரிவோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 900-லிருந்து 1000 கன மீட்டர்.

ஒரு ஓடை வெட்டினால் ஒரு கிரீன், மிச்ச மண் டீக்கு. ஒரு லோடு மண்கூட வெளியிலிருந்து வரவேண்டாம், ஒரு லோடு வெளியே போகவும் வேண்டாம். எங்கள் துறையில் இதைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதிலும் தோண்டுவது பெரும்பாலும் மணல், கிரீனுக்கு அடியில் போட அதைவிட நல்ல மண் ஏது?

ஓடையின் கடைசி 40 மீட்டர் ஒரு மீட்டருக்குக் கீழே போகிறது. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும், கோரை முளைக்கும். முளைக்கட்டும். ஓடையெல்லாம் கிழக்கே ஒரே ஒரு குளத்தில் சேரும். ஒன்றரை ஏக்கர், ஆட்டத்துக்கு வெளியே, கரையில் மிகை நீர் வழிய ஒரு கலிங்கு. மாசியிலிருந்து ஆனி வரை புல்லுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான்.

ரெடான்_பித்தன்

கணக்கு சரி சார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல். லாங் ஐலண்டில் லிடோ என்று ஒரு மைதானம். 1917-இல் வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்டும் சேத் ரேனரும் சேர்ந்து சதுப்பு நிலத்தின் மேல் 20 லட்சம் கன கெஜம் மணலைக் குழாய் வழியாக இறைத்துக் கொட்டிக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படை எடுத்துக்கொண்டது, மைதானம் மறைந்தே போனது. பழைய புகைப்படங்களை வைத்துக் கணினியில் ஒவ்வொரு மேட்டையும் மீட்டெடுத்து, 2023-இல் விஸ்கான்சினில் வடிவமைப்பாளர் டாம் டோக் அதை மறுபடி கட்டினார். அழகுதான். ஆனால் அந்த வழியில் போனால் பங்காளிகள் ஐந்து குடும்பமும் தோப்பையே விற்க வேண்டிவரும். உங்கள் 9 ஓடையும் சேர்ந்து 12 ஆயிரம் கன மீட்டர்கூட இல்லை.

பழையகேடி

வணக்கம் ஐயா. நான் 17 வயசுல கேடியா (ஆடறவங்க மட்டைப் பையைத் தூக்கிட்டுக் கூட நடக்கிற ஆள்) சேர்ந்தவன், இப்ப ஒரு மைதானத்துல மேஸ்திரி வேலை. வரைபடம் எனக்குப் பழக்கமில்ல, ஆனா தண்ணி எங்க நிக்கும்னு கால் சொல்லும்.

ஒரு விஷயம் சொல்லணும். தட்டை நிலத்துல கிரீனைத் தூக்கிக் கட்டுவாங்க. கட்டினவங்க சாய்வு முழுக்க முன்பக்கம் குடுத்துடுவாங்க, தூரத்துல இருந்து பார்க்க கிரீன் நல்லாத் தெரியணும்னு. மழை பெஞ்சா கிரீன் மேல விழுற தண்ணி மொத்தமும் முன்வாசல் வழியா இறங்கும். முன்னாடி பத்துப் பதினைஞ்சு கெஜம் சொதசொதன்னு ஆயிடும். அங்க விழுற பந்து அப்படியே குத்திட்டு நிக்கும். உருட்டி ஆடறவங்களுக்கு வாசலே அடைச்சுப் போச்சு. தேன்மொழி அம்மா கேட்ட பாதை அங்கதான் செத்துப் போகுது.

நாங்க ஒரு தடவை மழை விட்ட அஞ்சாவது நிமிஷம் கையில சுண்ணாம்புத் தூள் வாளியோட ஓடினோம். நான் செருப்பைக் கழட்டிட்டு கிரீனைச் சுத்தி நடந்தேன். தண்ணி ஓடின இடமெல்லாம் கால்ல குளுகுளுன்னு தெரியும், நின்ன இடம் கணுக்கால் வரைக்கும் அமுங்கும். அந்த ஓரத்துல தூளைத் தூவினேன். மறுநாள் காலையில பார்த்தா பச்சைப் புல் மேல வெள்ளைக் கோடு, விரல் விரிச்ச கை மாதிரி. அஞ்சு விரலும் முன்வாசலைப் பார்த்து. புல்லைப் பேத்து எடுத்து, ரெண்டு விரலை இடது பக்கம், ஒண்ணைப் பின்பக்கம் திருப்பிவிட்டோம். அடுத்த மழையில முன்னாடி நடந்தா ஷூ நனையல.

அதனால ஐயா, கிரீன் தண்ணி ரெண்டு மூணு பக்கமாப் பிரியணும். முன்வாசல் வழியா மட்டும் விடாதீங்க.

வாய்க்கால்காரன்

மேஸ்திரி தம்பி, 31 வருஷம் லெவல் பார்த்தவன் சொல்கிறேன், நீங்கள் எடுத்ததுதான் ரீடிங். வரும் மழைக்கு நானும் சுண்ணாம்பு வாளியோடு நிற்பேன்.

அருகம்புல்

வளைகுடாவில் ஒரு மைதானத்தில் புல் பராமரிப்பில் 12 வருஷமாக இருக்கிறேன். எல்லாரும் பந்து உருளும் உருளும் என்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை.

ஸ்காட்லாந்தில் உருள்வது அங்கேயுள்ள மெல்லிய ஃபெஸ்க்யூ புல்லில். நம் வெயிலுக்கு அது பிழைக்காது. நமக்கு பெர்முடாதான். என்ன பெரிய பேர். பிள்ளையாருக்குப் போடுகிறோமே அதே அருகம்புல் ஜாதி. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு படரும், இலை விறைப்பு. உருண்டு வரும் பந்தைக் கையால் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொள்ளும். கிரீனுக்கு முன்னால் இது நடந்தால் உங்கள் தரை வழியெல்லாம் வரைபடத்தில் மட்டும்தான்.

தீர்வு இருக்கிறது, ஆனால் ஆள் விடாமல் செய்ய வேண்டும். கிரீனின் வாசலில் 25 கெஜத்தை ஃபேர்வே மாதிரி விடாமல் கிட்டத்தட்ட கிரீன் மாதிரி தாழ வெட்டுங்கள். மாதம் ஒரு தடவை மெல்லிய மணல் தூவல். தண்ணீர் குழாயைக் கிரீனுக்குத் தனி, வாசலுக்குத் தனி என்று பிரித்துவிடுங்கள். ஒரே தெளிப்பான் இரண்டுக்கும் சேர்த்து அடித்தால் வாசல் எப்போதும் ஈரம். பாதி மைதானங்களில் குறை புல்லில் இல்லை, அந்தக் குழாயில்தான். உரத்தைக் குறைத்துப் பசியோடு வையுங்கள். பச்சைப் பசேல் என்று இருக்காது, வைகாசியில் பழுப்படிக்கும். உறுப்பினர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கடல் பக்கம் என்பதால் கோடையில் கிணற்றுத் தண்ணீர் உப்பேறும். அப்படியானால் பஸ்பாலம் புல்லையும் யோசிக்கலாம், உப்பைத் தாங்கும்.

இன்னொன்று, கிரீன் வேகம். தட்டை நிலத்தில் சுவாரஸ்யம் முழுக்கக் கிரீனின் மேல்பரப்பில்தான் வரவேண்டும். அதற்கு 4 சதவீதம் வரை சாய்வு வேண்டும். வேகம் அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரில் பந்து 8 அடி ஓடுகிற கிரீனில் 4 சதவீதச் சாய்விலும் குழி வைக்கலாம். 11 அடி என்று வழவழவென்று வெட்டினால் அதே சாய்வில் பந்து நிற்காது, அப்புறம் ஆளைக் கூப்பிட்டுக் கிரீனைத் தட்டையாக்குவார்கள். பழைய கிரீன்கள் பல இப்படித்தான் அழிந்தன. எட்டு, எட்டரை போதும் என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

கொழும்பூரான்

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பு. ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பில சின்ன வயசில அப்பாவோட போய் நடந்த ஆள். 1879-இல தொடங்கின கிளப். நடுவால களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை போகுது. கோச்சி வந்தா எல்லாரும் நிண்டு பார்த்துட்டுத்தான் அடிக்கிறது. தட்டையான காணிதான், ஆனா அந்தத் தண்டவாளம் ஒரு மலையை விடக் கூட வேலை செய்யும். ஒரு கோடு இருந்தாலே ஆட்டக்காரனுக்கு மனசு வேற மாதிரி வேலை செய்யத் தொடங்கிடும். கல்கத்தாவில 1829-இல தொடங்கின ராயல் கல்கத்தாவும் அப்பிடித்தான். வங்காளத்துச் சமநிலம், அங்க குளங்கள்தான் அந்தக் கோட்டைப் போடுது.

ஐயா, உங்கட காணியில ஏற்கனவே என்ன கோடு கிடக்கு? வரப்பு, வண்டிப் பாதை, பழைய கிணறு, பனை வரிசை? வரைபடத்தில அதுகளைப் போட்டனீங்களா? புதுசா ஒண்டு கட்டுறதுக்கு முதல் கிடக்கிறதைப் பாருங்கோ.

வாய்க்கால்காரன்

நல்ல கேள்வி கேட்டீர்கள். வடக்கு எல்லையில் 600 மீட்டருக்குப் பனை வரிசை, என் தாத்தா காலத்தது. நடுவில் தெற்கு வடக்காக ஒரு பழைய வண்டிப் பாதை, தரையை விட ஒன்றரை அடி உயரம். மேற்கே இரண்டு ஏற்றக் கிணறு, கல் கட்டு இன்னும் அசையவில்லை. இதையெல்லாம் இடித்துச் சமப்படுத்தி விட்டுத்தான் வேலை ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கலர் படத்திலும் எதுவும் இல்லை.

ரெடான்_பித்தன்

இடித்துவிடாதீர்கள் சார்! அந்த வண்டிப் பாதை கிடைக்க ஹாய்லேக்காரர்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அங்கே முழங்கால் உயரப் புல் கரை ஒன்று மைதானத்துக்குள்ளேயே ஓடுகிறது, காப் என்பார்கள். உறுப்பினர்களுக்கு அது முதல் ஹோல், ஓப்பனில் மூன்றாவது. வலது பக்கம் முழுக்க அந்தக் கரை, அதைத் தாண்டினால் எல்லைக்கு வெளியே. ஹோல் வலப்புறம் மடங்குகிறது. கரையை ஒட்டி அடித்தவருக்குக் குறுக்கு வழி, பயந்து இடது பக்கம் போனவருக்கு நீண்ட வழி. தரை மட்டம், தண்ணீர் இல்லை, ஆனால் உலகத்தின் நல்ல ஆட்டக்காரர்களுக்கு அங்கே கை உதறுகிறது.

இதையே வேலியை வைத்துச் செய்தவர்கள் வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும். அரிசோனாவில் டாக்கிங் ஸ்டிக், 1990-களின் கடைசி, மட்டமான பாலைவன நிலம். இரண்டாவது ஹோல் பார் 5. இடது பக்கம் நீளக் கம்பிவேலி, அதற்கு அப்பால் எல்லை. வலது பக்கம் ஏராளமான அகலம். ஆனால் வேலியை ஒட்டி நின்றால்தான் கிரீன் திறந்து தெரியும். பயந்தவரை அது தண்டிக்காது, இன்னும் ஒரு ஷாட் நல்லதாக அடிக்கச் சொல்லும்.

உங்கள் பனை வரிசைதான் அந்த வேலி.

தேன்மொழி_36

மைதானத்துக்கு உள்ளேயே எல்லைக்கு வெளியேன்னு வைக்கிறது எனக்கு ஒப்புதல் இல்ல. பந்து கண்ணுக்கு முன்னாடி நல்ல புல்லுல கிடக்கும், ஆனா ரெண்டு ஷாட் போச்சு, திரும்பி நடந்து வந்து அடிக்கணும். எனக்கு அது குளத்தை விட மோசம். பனை வரிசை நிஜ எல்லை, அது சரி. வண்டிப் பாதை மேல பந்து போனா அடிச்சிட்டுப் போக விடுங்க. ஒன்றரை அடி உயரம்னா அதுக்குப் பக்கத்துல பந்து நின்னாலே கஷ்டம்தானே?

ரெடான்_பித்தன்

யோசித்துப் பார்த்தேன். மேடம் சொல்வதுதான் சரி. ஹாய்லேக்கில் அது நூற்றைம்பது வருஷ வழக்கம், அங்கே அழகு. புது மைதானத்தில் வலிந்து வைத்தால் வம்பு. பாதையை ஆட்டத்துக்குள்ளேயே விடுங்கள்.

கொழும்பூரான்

காத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. தட்டைக் காணிக்கு மலை எண்டா அது காத்துத்தான். ஐயாவின்ட காணி கிழக்கு மேற்கா நீளம். சும்மா நீளவாக்கில போய் வந்தால் அரைவாசி எதிர்க்காத்து, அரைவாசி பின்காத்து, முடிஞ்சுது கதை. ஸ்காட்லாந்தில முயர்ஃபீல்டைப் பாருங்கோ. முதல் ஒன்பது வெளி வட்டமா கடிகாரம் சுத்துற பக்கம், மற்ற ஒன்பது உள்ள எதிர்ப்பக்கம். ஒரே திசைக் காத்தைக் கன ஹோலுக்குத் தொடர்ந்து வாங்க வேண்டி வராது.

வாய்க்கால்காரன்

எங்கள் ஊரில் இன்னும் விசேஷம். கோடையில் விடிகாலை நிலக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வரும். பதினோரு மணி, பன்னிரண்டுக்குக் கடல்காற்று கிழக்கிலிருந்து திரும்பும். காலையில் பின்காற்றாக இருந்த ஹோல் சாயங்காலம் எதிர்க்காற்று. ஒரே 9 ஹோலைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஆடினால் 18 வேறு ஹோல். இதுவரை இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் ஒவ்வொரு ஹோலும் இரண்டு காற்றிலும் தாங்க வேண்டும். எதிர்க்காற்றிலும் எட்டக்கூடிய தூரம், பின்காற்றிலும் பந்தை நிறுத்த இடம். கிரீனுக்குப் பின்னால் ஆழப் பள்ளம் வைக்கக்கூடாது என்று அதிலேயே முடிவாகிறது.

அருகம்புல்

அகலமும் முடிவாகிறது. பக்கக் காற்றில் 30 கெஜ ஃபேர்வே சித்திரவதை. 50, 60 கெஜம் வையுங்கள். வெட்டுவதற்குச் செலவு கூடும் என்பார்கள். ஓரத்து உயரப் புல்லை (ரஃப்) வளர்த்து அதற்குள் பந்து தேடும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் கூடாது.

பங்கரைக் குறையுங்கள். ஹூஸ்டன் நகராட்சியின் மெமோரியல் பார்க் மைதானத்தை டாம் டோக் 2019-இல் புதுப்பித்தார். பொதுமக்கள் தினமும் ஆடுகிற இடம், ஹூஸ்டன் ஓப்பனும் அங்கேயே நடக்கிறது. 18 ஹோலுக்கும் சேர்த்து இருபதை ஒட்டித்தான் பங்கர். கிரீன் ஓரத்தில் தாழ வெட்டிய புல் சரிவுகள்தான் தொழில்முறைக்காரர்களைப் படுத்துகின்றன. சாதாரண ஆள் அதே இடத்தில் உருட்டும் மட்டையான பட்டரை எடுத்துத் தள்ளிவிட்டுப் போவார். உங்கள் 9-க்கு 12 பங்கர் போதும். நம் மழைக்கு ஒவ்வொரு பங்கரும் ஒரு குட்டை, மறக்காதீர்கள்.

ரெடான்_பித்தன்

என் பேருக்கு ஏற்ற ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். ஒரு ரெடான் ஹோல் வேண்டும் சார். ஸ்காட்லாந்தில் நார்த் பெர்விக்கின் 15-ஆவது ஹோல்தான் மூலம். கோட்டைக் கட்டுமானத்தில் வரும் முனைக்கு அந்தப் பேர். பார் 3. கிரீன் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கமாக, அடிக்கிறவரை விட்டு விலகிச் சரியும். இடது முன்னால் ஆழப் பங்கர். நேராகக் கொடியைப் பார்த்து அடித்தால் பங்கர் அல்லது பின்னால் ஓட்டம். வலது தோளில் போட்டால் பந்து தானே வளைந்து ஊர்ந்து குழிப் பக்கம் வரும். உருட்டுகிறவருக்கும் அதுவே பாதை.

இதற்கு மலை வேண்டாம். ரேனர் சிவில் எஞ்சினியர். கோல்ஃப் ஆட்டக்காரராக இருந்து வந்தவர் இல்லை, நில அளவைக்கு வந்தவர். சிகாகோ கோல்ஃப் கிளப்பை 1923-இல் மாற்றியமைத்தபோது அந்த மட்டமான நிலத்தில் 7-ஆவது ஹோலாக ரெடானைக் கட்டினார். மண்ணை ஒழுங்கான கோணத்தில் அணைத்து, புல் சரிவைக் கரை மாதிரி செங்குத்தாக விட்டார். ஏரிக்கரை பார்த்த கண்ணுக்கு அது கரையேதான்.

வாய்க்கால்காரன்

நேற்று முழுக்க வரைந்தேன். 4-ஆவது ஹோலை மட்டும் சொல்கிறேன். 165 கெஜம், முன் டீ 105. டீ வண்டிப் பாதைக்கு மேற்கே, கிரீன் கிழக்கே. பாதை முன் டீயிலிருந்து 40 கெஜத்தில் குறுக்கிடும், உருண்டு வரும் பந்து ஏறி இறங்க ஏதுவாக முன் டீக்கு நேரே 20 கெஜ அகலத்துக்கு அதைச் சரித்துவிடுகிறேன். கிரீனின் வலது முன் தோள் தரையிலிருந்து 1.6 மீட்டர். அங்கிருந்து இடது பின்பக்கம் 3 சதவீதம் இறக்கம். 30 மீட்டர் நீளத்துக்கு 90 சென்டிமீட்டர். என் நிலம் 800 மீட்டரில் இறங்குவதை இந்தக் கிரீன் 30 மீட்டரில் இறங்குகிறது. இடது முன்னால் ஒரே பங்கர், தரையை விட அடி மட்டம் தாழாமல், கரையைக் குடைந்து. அதனால் தண்ணீர் நிற்காது. கிரீன் தண்ணீர் இடது பின்பக்கமாக 4-ஆம் ஓடையில் விழும். முன்வாசலுக்கு ஒரு சொட்டும் வராது.

மேஸ்திரி தம்பி, பார்த்துச் சொல்லுங்கள்.

பழையகேடி

நல்லா இருக்குங்க ஐயா. ஒரே ஒரு இடம் இடிக்குது. மொத்தத் தண்ணியும் இடது பின்பக்கம் ஒரே மூலையில இறங்குது. வருஷத்துக்கு ரெண்டு புயல் மழை வரும், அந்த மூலைப் புல்லு அரிச்சுக்கிட்டுப் போயிடும். அதோட நல்லா அடிச்ச பந்து வந்து நிக்கிற இடமும் அதேதான், கொடியும் அங்கதான் அதிகம் வைப்பாங்க, எல்லார் காலும் அங்கதான் மிதிக்கும். வலது தோளோட வெளிப்பக்கத் தண்ணியை அந்தப் பக்கமே திருப்பிடுங்க. நடுவுல ஒரு சின்ன முதுகு, கை அகலத்துக்கு, ரெண்டு விரக்கடை உயரம் போதும். பந்துக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும்.

தேன்மொழி_36

105 கெஜம், பாதையைச் சரிச்சு விட்டது, வலது பக்கம் உருட்டினா வளைஞ்சு வரும். 5-வுட் மட்டையை எடுப்பேன். இந்த ஹோலுக்கு நான் தைரியமா நடந்து வருவேன் சார்.

வாய்க்கால்காரன்

தம்பி, முதுகைப் போட்டுவிட்டேன். 5 சென்டிமீட்டர். வலப்பக்கத் தண்ணீர் 3-ஆம் ஓடைக்கு.

பங்காளிகளிடம் பேசி, 4-ஆவது ஹோலை மட்டும் மாதிரிக்கு ஒன்று கட்டிப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். ஆடி முடிவதற்குள் ஜேசிபி வைத்து 4-ஆம் ஓடையை வெட்டி, அந்த மண்ணில் கிரீனை எழுப்பி, அருகம்புல் தம்பி சொன்ன புல்லைப் பதியம் போடுகிறேன். ஐப்பசி முதல் மழைக்கு வாளியும் சுண்ணாம்பும் தயார். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.